பானையைக் கேளுங்கள்!

கொடைக்கானலைத் தாண்டி, மலைப்பூண்டு விளையும் பூண்டி கிராமத்திலும் இன்று கைக்குக் கை செல்போன். பனி இறங்கும் ராத்திரியில் போர்வைக்குள் இருந்தபடியே உலக இசையைக் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் ஒரு தடவையாவது நம்ம ஊர்ப் பானை ஜாஸ் வாசித்த கதையைக் கேட்க வேண்டும்!

பானை என்றால் கடம். கச்சேரியில் அதற்கு உபபக்கவாத்தியம் என்றுதான் பெயர். மிருதங்கத்துக்குப் பின்னால்தான் அதன் முறை. தனி ஆவர்த்தனத்தில் கிடைக்கும் சில நிமிடங்கள்தான் அதற்குச் சொந்தம்.

1975 ஜூலை 5. அமெரிக்காவில், லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடை. எலெக்ட்ரிக் கிடாரால் அரங்கங்களை அதிரவைத்த ஜான் மெக்லாக்ளின், அன்று சாதாரண மரக் கிடாருடன் சம்மணமிட்டு அமர்ந்தார். கூடவே எல்.சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயக்ராமின் கடம். டிரம் செட் கிடையாது. பேஸ் கிடாரும் கிடையாது.

அந்தக் கச்சேரிதான் 1976-ல் ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பமாக வந்தது. மொத்தமே மூன்று உருப்படிகள். அதில் ஒன்று மட்டும் சுமார் 29 நிமிடம்!

மெக்லாக்ளின் முன்பே டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை பயின்றவர். சக்திக்காகவே அவருக்குத் தனி கிடார் செய்தார்கள். வழக்கமான தந்திகளுக்குக் குறுக்கே தம்புரா போல ரீங்கரிக்க ஏழு தந்திகள். கமகம் பிடிக்க வசதியாக, விரல் பலகையில் மரத்தைக் குழிவாகச் செதுக்கினார்கள்.

ஆனால், பானையை யாரும் மாற்றவில்லை. மானாமதுரையில் மண்ணைப் பிசைந்து, தட்டி, சூளையில் சுடும் அதே கடம்தான். வாயை வயிற்றோடு அணைத்தால் ஒரு நாதம், விலக்கினால் வேறு நாதம். கிடார் ஓடும் வேகத்துக்கு விநாயக்ராமின் விரல்கள் உடனே பதில் சொல்கின்றன. தன் முறைக்காகப் பானை காத்திருக்கவில்லை. அங்கே பக்கவாத்தியம் என்று யாருமே இல்லை.

2024-ல் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்காக சக்தி குழு கிராமி விருது வாங்கியபோது, குழுவில் இருந்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

இன்றைக்கு ராத்திரி இயர்போன் மாட்டி, அந்த முதல் ஆல்பத்தைப் போடுங்கள். வயலினும் கிடாரும் துரத்திப் பிடிக்கும்போது, அடியில் ‘திங்’கென்று ஒரு மண் சத்தம் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் 29 நிமிடம் போவதே தெரியாது!