முடி மாத்திரையும் தைராய்டு ரிப்போர்ட்டும்

முடி கொட்டுதுன்னு ஒரு மாத்திரை. தைராய்டு பார்க்கணும்னு ஒரு ரத்தப் பரிசோதனை. இரண்டுமே நம்ம வீடுகளில் சாதாரணமா நடக்கிற விஷயம்தான். ஆனா முதலாவது இரண்டாவதின் கணக்கைக் கெடுத்துவிடலாம். அது எப்படின்னு புரியணும்னா, அந்த எண்ணை லேப் மெஷின் எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

ரத்தத்தில் சர்க்கரையை அளப்பது ஓரளவு சுலபம். ஒரு லிட்டருக்கு கிட்டத்தட்ட ஒரு கிராம் இருக்கும். தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு குறைவு. ரத்தத்தில் இருக்கிற ஆயிரக்கணக்கான பொருட்களுக்கு நடுவே இதை மட்டும் எப்படிப் பிடிப்பது?

அதுக்கு நம்ம உடம்பே ஒரு கருவி வைத்திருக்கு: ஆன்டிபாடி. பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, தனக்கான பொருளை மட்டும் தேடிப் பிடிக்கும். ஆனா பிடித்ததை நம்மால் பார்க்க முடியாது. அதனால் அதன் மேல் கண்ணுக்கோ மெஷினுக்கோ தெரிகிற ஒரு அடையாளத்தை ஒட்டுகிறார்கள். இதுதான் லேபிள். அடையாளம் ஒட்டி அளக்கும் இந்த முறைக்குப் பேர் இம்யூனோஅஸே.

இதைத் தொடங்கி வைத்தவர்கள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த இருவர்: இயற்பியல் படித்த ரோசலின் யாலோ, டாக்டர் சாலமன் பெர்சன். 1950களின் கடைசியில், கதிரியக்க அயோடினை அடையாளமா ஒட்டி ரத்தத்தில் இன்சுலினை அளந்து காட்டினார்கள். அதுக்குக் காப்புரிமை வாங்காமல் எல்லாரும் பயன்படுத்தட்டும்னு விட்டுவிட்டார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டார்.

கதிரியக்கத்தைக் கையாள்வது தொல்லையான வேலை. அதனால் 1971இல் ஸ்வீடனில் எங்வால், பெர்ல்மன் இருவரும் என்சைமை அடையாளமா வைத்தார்கள். என்சைம் ஒரு திரவத்தின் நிறத்தை மாற்றும். நிறம் எவ்வளவு அடர்த்தின்னு பார்த்து அளந்துவிடலாம். இதுதான் எலைசா. இன்றைய பெரிய லேப்களில் பெரும்பாலும் ஒளி வீசும் ரசாயனம்தான் அடையாளம். கோவிட் நேரத்தில் வீட்டில் செய்த டெஸ்டில் வந்த சிவப்புக் கோடு ஞாபகம் இருக்கா? பல கிட்களில் அந்தச் சிவப்பு, மிக நுண்ணிய தங்கத் துகள்களின் நிறம்.

அடையாளம் எதுவானாலும், அளக்கும் வழி முக்கியமா இரண்டுதான்.

முதலாவது சாண்ட்விச். ஒரு ஆன்டிபாடி கீழிருந்து பொருளைப் பிடிக்கும், அடையாளம் ஒட்டிய இன்னொரு ஆன்டிபாடி மேலிருந்து பிடிக்கும். பொருள் அதிகமானால் வெளிச்சமும் அதிகம். டிஎஸ்ஹெச், மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ட்ரோபோனின், வீட்டில் செய்யும் கர்ப்ப டெஸ்ட் எல்லாம் இந்த வகை.

இரண்டாவது போட்டி முறை. டி4 மாதிரிச் சின்ன மூலக்கூறில் இரண்டு ஆன்டிபாடி உட்கார இடம் இல்லை. அதனால் தமிழ்ப் பள்ளி விழாவில் பிள்ளைகள் விளையாடும் மியூசிக்கல் சேர் மாதிரி செய்கிறார்கள். நாற்காலிதான் ஆன்டிபாடி. அடையாளம் ஒட்டிய டி4க்கு சிவப்புச் சட்டை போட்டு அனுப்புகிறார்கள். ரத்தத்தில் இருக்கிற டி4க்கு சட்டை இல்லை. இருவரும் அதே நாற்காலிகளுக்கு ஓடுகிறார்கள். கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களில் சிவப்புச் சட்டை குறைவா இருந்தால், ரத்தத்தில் டி4 அதிகம்னு அர்த்தம். அதாவது இங்கே கணக்கு தலைகீழ்: வெளிச்சம் குறைந்தால் எண் ஏறும்.

இப்போ மாத்திரைக்கு வருவோம். முடிக்கும் நகத்துக்கும்னு விற்கிற மாத்திரைகளிலும் கம்மிகளிலும் இருப்பது பயோட்டின் என்ற வைட்டமின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். கடையில் கிடைப்பதோ 5,000, 10,000 மைக்ரோகிராம். அது உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. சிக்கல் லேபில்தான்.

ஏன்னா பல மெஷின்கள் பயோட்டினையே ஒரு கொக்கி மாதிரி பயன்படுத்துகின்றன. ஆன்டிபாடியில் பயோட்டின் ஒட்டியிருக்கும். மெஷினுக்குள் இருக்கிற ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடிபடாதது எல்லாம் கழுவிப் போய்விடும். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால், அது முந்திக்கொண்டு எல்லா இடத்தையும் பிடித்துவிடும். அளக்க வேண்டியதும் கழுவிப் போகும், வெளிச்சம் குறையும்.

விளைவைப் பாருங்க. சாண்ட்விச் முறையில் வெளிச்சம் குறைந்தால் எண் குறையும், அதனால் டிஎஸ்ஹெச் பொய்யாக் குறையும். போட்டி முறையில் எண் ஏறும், அதனால் டி4 பொய்யா ஏறும். டிஎஸ்ஹெச் குறைவு, டி4 அதிகம்: இதுதான் தைராய்டு அதிகமா வேலை செய்யும் நோயின் அடையாளம்! இரண்டு தப்பும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போவதால் டாக்டருக்கே சந்தேகம் வராமல் போகலாம். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கிவிடும் ஆபத்து இருக்கு.

இதைவிடப் பயம் ட்ரோபோனினில். அது பொய்யாக் குறைந்தால், மாரடைப்பு வந்தவரை 'ஒன்றும் இல்லை'ன்னு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். 2017இல் அமெரிக்காவின் எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. நிறைய பயோட்டின் எடுத்துவந்த ஒருவருக்கு ட்ரோபோனின் பொய்யாக் குறைவாக் காட்டி, அவர் இறந்துபோன தகவலும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு பல கிட்களை மாற்றியிருக்கிறார்கள். ஆனா உங்க ஊர் லேபில் எந்த மெஷின்னு வெளியிலிருந்து நமக்குத் தெரியாது.

அதனால் நாம செய்யக்கூடியது இதுதான்:

ரத்தம் கொடுக்கும் முன் வைட்டமின், கம்மி, மூலிகை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்க. 'அது மருந்து இல்லையே'ன்னு விட்டுடாதீங்க. ஊரிலிருந்து வந்து சில மாசம் தங்குகிற அம்மா, மாமியாரிடமும் பை நிறைய மாத்திரை இருக்கும். பாட்டிலைத் திருப்பி பயோட்டின் அளவைப் படித்துப் பாருங்க.

தைராய்டு டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னாடியே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம். மிக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இன்னும் அதிக நாள் தேவைப்படலாம், டாக்டரிடம் கேளுங்க.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் குறைபாட்டுக்காக டாக்டரே பயோட்டின் கொடுத்திருப்பார். அதை நீங்களா நிறுத்தாதீங்க. டெஸ்ட் எடுப்பவரிடம் சொன்னால் போதும்.

நெஞ்சு வலின்னா எதையும் யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. போனதும் 'பயோட்டின் எடுக்கிறார்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

ரிப்போர்ட் ஒன்று சொல்லி உடம்பு வேறொன்று சொன்னால், பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கலாமா, பயோட்டின் பயன்படுத்தாத வேறு மெஷினில் பார்க்கலாமான்னு தயங்காமல் டாக்டரிடம் கேளுங்க.