கரணை வைத்த கை எங்கே?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928இல் சர் சி.வி. ராமன் தன் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை எட்டிய நாள் அது. அதையொட்டி ஆராய்ச்சி நிலையங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. வெறும் சொற்பொழிவு என்றால் கூட்டம் வராது என்று இப்போது கச்சேரி, ஓவியம், நாடகம் எனக் கலையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சென்னையில் அப்படி நடந்த ஒரு மாலை நிகழ்ச்சிக்கு, எங்கள் சேரியின் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். அனுமதி இலவசம். வேன் வாடகைக்குத்தான் ஊரெல்லாம் வசூல் செய்ய வேண்டியிருந்தது.

மேடையில் ஒரு மிருதங்க வித்துவான். பக்கத்தில் இயற்பியல் பேராசிரியர். இவர் வாசிக்க, அவர் திரையில் ஒலி அலைகளைக் காட்டினார். சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறிப்போகும். அதனால் அதில் ‘சத்தம்’ வருமே தவிர, சுருதி நிற்பது கடினம். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே இருக்கும் கறுப்பு வட்டம், அதாவது கரணை, தோலுக்கு அந்த இடத்தில் எடை கூட்டுகிறது. அந்த எடையால் சிதறிய அதிர்வுகள் முழு எண் மடங்குகளாக வந்து சேர்கின்றன. கம்பி வாத்தியத்தைப் போலத் தோலும் சுருதி பேசுகிறது. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதை உலகுக்குச் சொன்னார்கள். 1934இல் ராமன் இன்னும் விரிவாக எழுதினார்.

பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். நாங்களும்தான். நல்ல நிகழ்ச்சி, அதில் சந்தேகமில்லை. பேச்சு முக்கால்வாசி ஆங்கிலத்தில் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம்.

கேள்வி நேரத்தில் எங்கள் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “அந்தக் கறுப்பை யாரு சார் வெச்சாங்க? இவ்வளவு கனம்தான் வைக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டாள். பேராசிரியர் சிரித்தபடி, “நம் முன்னோர்களின் ஞானம் அம்மா” என்றார். அரங்கம் கைதட்டியது.

யாருடைய முன்னோர்?

மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் வேண்டும். இழுத்துக் கட்ட எருமைத் தோல் வார் வேண்டும். தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, மூட்டுப் போட்டு, கல்பொடியையும் சோற்றையும் குழைத்து அடுக்கடுக்காக அப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி அப்பி... இத்தனையும் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். தஞ்சாவூரில் செபாஸ்டியன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தவர். ஐயரின் பெயர் தெரியாத ரசிகர் இல்லை. பர்லாந்தின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்?

டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் ரத்து செய்தது. விழா தரமணியில் ஓர் இதழியல் கல்லூரிக்கு மாறியது. மாட்டுத் தோல் மேடையில் ஒலிக்கலாம். அதை உரித்தவரைப் பற்றிய புத்தகம் மேடை ஏறினால் சிக்கல்.

கரணை வைப்பவர் செய்வது சோதனைதான். ஓர் அளவை மாற்றி, விளைவைக் கேட்டு, மீண்டும் மாற்றுகிறார். ராமன் கணக்கில் எழுதியதை அவர் காதில் வைத்திருந்தார். ஆனால் சபாவில் அவர் கலைஞர் இல்லை, ‘ரிப்பேர்காரர்’. ஆய்வகத்தில் அவர் விஞ்ஞானி இல்லை, ‘முன்னோர்’. கலையும் அறிவியலும் கைகோக்கும் மாலையிலும் அவருக்கு ஒரு நாற்காலி இல்லை.

இது மேடையோடு முடிகிற விஷயமும் இல்லை. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிடங்களுக்கு இடஒதுக்கீடு தரும் சட்டம் 2019இல் வந்தது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, ‘சிறப்பு நிறுவனங்கள்’, ‘ஆராய்ச்சி நிறுவனங்கள்’ என்று ஒரு பட்டியலைப் போட்டு அவற்றுக்கு விலக்குக் கொடுத்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் தரமணி கணித அறிவியல் நிறுவனமும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆராய்ச்சி உயர உயர, நம் பிள்ளைகளுக்கான ஏணியில் படி குறைகிறது. வருடத்தில் ஒரு மாலை வாசலைத் திறப்பவர்கள் மீதி நாட்களைப் பற்றியும் பேச வேண்டும். மாணவர்கள் இந்தச் சட்டத்தைத் தேடிப் படியுங்கள், சில பக்கங்கள்தான்.

திரும்பும் வழியில் வேனில் ஒரு பையன் கேட்டான். “பறைக்குக் கரணை இல்லையே, தீயில்தானே காட்டுறோம். அதுக்கும் கணக்கு இருக்குமா?” அவன் அப்பா பறை அடிப்பவர். எங்களுக்குள் கொஞ்சம் தயக்கம்தான். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று அடி வாங்கி, ஊர்க்கட்டுப்பாட்டைச் சந்தித்து நிறுத்திய ஊர்கள் உண்டு. ஆகவே ‘நாட்டுப்புறக் கலை’ என்று யாரோ அலங்காரமாய் மேடையேற்றுவதை நாங்கள் கேட்கவில்லை. ஆனால் பையன் கேட்டது வேறு. சூட்டில் தோலின் ஈரம் போகிறது, இறுகுகிறது, ஒலி உயர்கிறது. எவ்வளவு உயர்கிறது?

அடுத்த ஞாயிறு செல்போனில் அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அப்பா வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காட்டினார். செயலி சொல்வதற்கு முன்பே, “இன்னும் பதம் வரல” என்றார். முன்னும் பின்னும் வந்த எண்களை நோட்டில் எழுதி, ‘சோதனை செய்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயரையும் பையன் எழுதியிருக்கிறான்.

அடுத்த ஆண்டு நிகழ்ச்சியில் மிருதங்கம் செய்கிறவரையும் மேடையில் உட்கார வையுங்கள், தமிழில் பேசுங்கள் என்று அந்த நிலையத்துக்குக் கடிதம் எழுதினோம். நோட்டின் அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து இணைத்திருக்கிறோம்.