இரண்டு மையில் ஒரு வீடு

நமது சங்கத்தின் திரைக்குழுவினர் அடுத்த திங்கள் மன்றத்தில் காட்டத் தேர்ந்தெடுத்திருக்கும் படம், பாலு மகேந்திரா இயக்கி 1988 இல் வெளிவந்த ‘வீடு’. அதற்குச் சங்க இளைஞர்கள் தாமே ஒரு புதுச் சுவரொட்டி வரைய முற்பட்டுள்ளனர். அதில் நடிகர் முகம் இராது. மை இரண்டு, எழுத்தும் இரண்டு. ‘சுவரொட்டியா, தந்தியா?’ என்று பெரியவர் ஒருவர் செயற்குழுவிலேயே கேட்டுவிட்டார். இரு சாராரும் இப்பகுதியில் நம் கருத்தை எழுதுமாறு பணித்திருப்பதால், இம்மாத இடத்தை இதற்கே அளிக்கின்றோம்.

தமிழ்நாட்டுச் சுவரொட்டியை இகழ்வது நம் நோக்கமன்று. கதாநாயகனின் கன்னத்தில் ரோஜா நிறம், வில்லனின் முகத்தில் பச்சை, மூலையில் ஒரு மோட்டார் வண்டி, இடையில் அழுகின்ற தாய் என்று, காற்புள்ளி வைக்கவும் இடமின்றி நிறைந்திருக்கும் அந்தத் தாள்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் நாமும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் கலப்பிலேயே சிவகாசி அச்சகத்தார் வானவில்லை வரவழைத்துவிடுவர். அது திருவிழா, திருவிழாவுக்கு நிறம் வேண்டியதே. ஆனால் ‘வீடு’ திருவிழாப் படமன்று.

இருப்புப்பாதையில் ஊழியம் செய்யும் நமக்குச் சிக்கனமான நிறம் புதிதன்று. சிவப்புக்கு நில், மஞ்சளுக்கு எச்சரிக்கை, பச்சைக்குச் செல். இம்மூன்றைக் கொண்டே ஆயிரக்கணக்கான உயிர்கள் இரவும் பகலும் கடத்தப்படுகின்றன. கைகாட்டி மரத்தில் ஒரு கட்டுரையை எழுதி மாட்டினால் வண்டி எங்குப் போய் நிற்கும்? விரைந்து செல்பவன் கண்ணில் படவேண்டியது ஒரே செய்தி. சுவரொட்டியைக் காண்பவனும் பேருந்திலோ டிராமிலோ விரைந்து செல்பவனே.

இம்முறையில் பெரும் புகழ் பெற்றவர் அமெரிக்க ஓவியர் சால் பாஸ். 1955 இல் ஆட்டோ பிரெமிங்கர் இயக்கிய ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படம் போதைப் பழக்கத்தில் சிக்கிய ஒருவனின் கதை. பாஸ் அதற்கு வரைந்தது கத்தரித்தாற்போல் கோணிய ஒரு கை. 1959 இல் ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’ படத்துக்குத் துண்டு துண்டாய் வெட்டிக் கிடத்திய ஒரு கறுப்பு உருவம். 1958 இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வுக்கு ஆரஞ்சு நிறத் தளத்தில் வெள்ளைச் சுழல், அதனுள் விழும் மனிதன். படத்தின் கதை முழுவதையும் சொல்லாமல் அதன் நடுக்கத்தை மட்டும் எடுத்து வைத்தார் அவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்து நாட்டிலும் ஹென்ரிக் டொமாஷெவ்ஸ்கி முதலிய ஓவியர்கள் நட்சத்திரங்களின் முகங்களை விடுத்துக் குறிப்பாலேயே திரைப்படச் சுவரொட்டிகளை வரைந்தனர். அக்கலைக்கென வார்சா நகரின் வில்லானோவில் 1968 இல் ஓர் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நாம் குடியேறியிருக்கும் இக்கல்கத்தாவிலேயே சத்யஜித் ராய் இருந்தார். 1943 இல் அவர் சேர்ந்தது ஒரு விளம்பர நிறுவனத்தில்தான். ‘பதேர் பாஞ்சாலி’ புதினத்தின் சிறுவர் பதிப்புக்கு அவர் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களிற் சில, 1955 இல் அதே பெயரில் அவர் எடுத்த படத்தில் காட்சிகளாயின. பிற்காலத்திலும் தம் படங்களுக்குச் சுவரொட்டியும் எழுத்தும் தம் கையாலேயே வரைந்தார். நம் பிள்ளைகள் இவ்வூர்ச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இவ்வெண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

இனி ‘வீடு’ படத்துக்கு வருவோம். வாடகை வீட்டைக் காலி செய்யும் நிலை வந்துற்ற ஒரு வேலைக்காரப் பெண், சென்னையில் சொந்தமாய் ஒரு வீடு கட்ட முயலும் கதை இது. கடனுக்கு அலைதல், கையூட்டு, ஒப்பந்தக்காரர் சிமெண்டு திருடுதல், அதைச் சித்தாள் ஒருத்தி காட்டிக்கொடுத்தல், பாதி எழும்பிய கட்டடத்தைக் காணச் செல்லும் தாத்தா. அத்தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர் நடித்திருப்பதை நாம் நடிப்பு என்று சொல்லக் கூசுகிறோம். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தம் தாயார் வீடு கட்டிய நாட்களே இக்கதைக்கு வித்து என்று இயக்குநர் கூறியிருக்கிறார். வீட்டுக்கு இறுதியில் நேர்வது யாது என்பதை இங்கு உரையோம், சுவரொட்டியும் உரைக்கலாகாது. குழாய் ஒன்றை வரையலாம் என ஒரு தம்பி முன்மொழிந்தபோது மற்றவர்கள் தடுத்தது மிகச் சரி. ஏன் என்பது படம் பார்த்தபின் விளங்கும்.

முதலில் செங்கல், கரண்டி, கடன் விண்ணப்பம், தாத்தாவின் முதுகு என்று பன்னிரண்டு பொருள்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாய் அடித்தனர். எஞ்சியது வாசற்கால் ஒன்று. சுவர் இல்லை, கூரை இல்லை, வெட்டவெளியில் தனியே நிற்கும் வாசற்கால். அதன் ஒரு புறம் மூன்று வரிசைச் செங்கல், பாதியில் நின்றுவிட்டது. வாசலுக்கு வெளியே ஒரு சோடிச் செருப்பு. எவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, இல்லாத வீட்டுக்குள் மரியாதையாய் நுழைந்திருக்கிறார். இந்தச் செருப்பு பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் யோசனை என்று அறிந்து மகிழ்ந்தோம்.

நிறத்துக்கு வருவோம். செங்கற் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. மூன்றாவது நிறம் தாளே. வெள்ளைத் தாளுக்குப் பதில் சாம்பல் நிறத் தாளைக் கொண்டால் சிமெண்டுக்குத் தனியே மை வேண்டுவதில்லை. சாம்பல்மேல் சிவப்பு சற்றே மங்கும். புதுச் செங்கலும் அப்படித்தான் இருக்கும். செங்கல்லைத் தவிர வேறெதிலும் சிவப்பைத் தொடக்கூடாது என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சட்டம்.

கணினி அச்சில் எத்தனை நிறமாயினும் கூலி ஒன்றே என்பதை அறிவோம். ஆயினும் இவர்கள் கலியாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் தம் கையாலேயே அடிக்கப் போகின்றனர். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலைமேல், ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசுவர். கறுப்பில் வரைந்த படத்தை அதன்மேல் வைத்து ஒளி காட்டினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் இளகியே இருந்து நீரில் கரைந்துவிடும். அவ்வழியே மை இறங்கும். நிறம் ஒன்றுக்கு ஒரு சட்டம். சிவப்பை முதலில் அடித்து, உலர்ந்தபின் கறுப்பை அடிக்கவேண்டும். கறுப்பின் விளிம்பு சிவப்பின்மேல் ஒரு மயிரிழை ஏறி நிற்குமாறு வரைந்துகொண்டால், தாள் சிறிது நகர்ந்தாலும் இடையே வெளுப்புத் தெரியாது. நான்கு மூலையிலும் குறியிடவும் மறக்கலாகாது.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். ‘வீடு’ என்பதில் ‘ட’ என்ற வரிவடிவத்தை உற்றுப் பாருங்கள்: ஒரு சுவர், ஒரு தரை. உகரம் சேர்ந்து ‘டு’ ஆகும்போது எதிர்ச்சுவரும் எழத் தொடங்கி நின்றுவிடுகிறது, கூரை இல்லை. இதைக் கண்டவர்கள் நமது மொழி வகுப்புக்கு வராத பிள்ளைகள். பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத அவர்கள், எழுத்தைப் படமாகப் பார்த்தனர். அன்று மாலையே இருவர் தம் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டும்படி கேட்டதாக ஆசிரியை கூறினார்.

இனிப் பெரியோர் தடை. முகம் இல்லாவிடில் கூட்டம் வராது என்பது ஒன்று. நம் காட்சிக்கு வருவோர் சுவரொட்டியை நம்பி வருவதில்லை. ஒருவரையொருவர் காண வருகின்றனர். இதற்கு மேல் விடை தேவையில்லை. வாசற்கால் மட்டும் நிற்பது அமங்கலம் என்பது மற்றொன்று. இதை நாம் எளிதில் தள்ளவில்லை. குவார்ட்டர்ஸில் பிள்ளை பெற்று, குவார்ட்டர்ஸில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, ஓய்வு நாளில் சாவியை ஒப்படைக்கவேண்டியவர்கள் நம்மிற் பலர். ஊரில் இருந்த பங்கு வீடும் பிள்ளைகள் படிப்புக்காகக் கைமாறியிருக்கும். அவ்வாறானவர் கண்ணுக்கு அப்படம் சுடும். சுடுவதாலேயே அது பொருத்தமான படம் என்பது நம் முடிபு. அதற்குப் பதிலாய்ப் பூமாலையும் தோரணமும் வரையச் சொல்வது, பார்க்கப்போகும் படத்தைப் பற்றிப் பொய் சொல்வதாகும்.

ஒரு திருத்தம் மட்டும் சொன்னோம், ஏற்றுக்கொண்டனர். நாள், நேரம், இடம் ஆகியவற்றைப் படத்தின்மேல் அச்சிடாது, அடியில் தனித் துண்டாக ஒட்டலாம். தமிழில் ஒரு வரி, அண்டை வீட்டார் படிக்க வங்காளியில் ஒரு வரி. அறுபது பிரதிகள் அடிக்கவிருக்கின்றனர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மன்றத்தில் மை குழைப்பர். பழைய சட்டை அணிந்து வருவோர் உதவலாம். லேக் மார்க்கெட் பகுதியில் கடைக்காரர்களிடம் அனுமதி கேட்டு ஒட்ட இருவர் இன்னும் தேவை.