காப்பீடு இல்லை என்பது விடையாகாது

இரும்பையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் உழவுக் கூலிகளுள் பலர் இன்று கட்டடச் சாரங்களிலும் வானூர் வட்டத்துக் கல்லுடைப்புக் களங்களிலும் உழைக்கின்றனர். கலப்பை பிடித்த கை கல் பெயர்க்கின்றது. அக் கை நசுங்கிய அன்று முதலாளி வாயினின்று வரும் முதற்சொல், “காப்பீடு எதுவும் எடுக்கவில்லையே!” என்பது. கேட்டவன் ஊழை நொந்துகொண்டு வீடு திரும்புகின்றான். என்னே நம் ஏமாளித்தனம்!

காப்பீடு, முதலாளி தன் பணப்பையைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு. தொழிலாளியின் உரிமைக்கு அது வேரன்று. வேலையின்போது வேலையால் நேரும் ஊறுக்கு ஈடு செய்ய வேண்டியவன் முதலாளியே என 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் நடப்பிலுள்ள குமுகப் பாதுகாப்புத் தொகுப்பும் அப் பொறுப்பை அவன் தலையிலேயே வைத்துள்ளது. காப்பீடு இல்லையேல் சொந்தப் பையினின்று கொடுக்கட்டும்! காலந்தாழ்த்தினால் வட்டி சேரும். தக்க கரணியமின்றித் தாழ்த்தினால் தொகையிற் பாதிவரை தண்டமும் சேரும்.

1968-இல் ஒரிய மாநிலத்துச் செயப்பூரில் திரையரங்க வேலையிலிருந்த தச்சன் ஒருவன் விழுந்து, இடக்கையை முழங்கைக்குமேல் இழந்தான். ஒரு கைதானே, முழு இழப்பாகாது என வழக்காடினார் உரிமையாளர். ஒற்றைக்கையால் தச்சுவேலை இயலாது, ஆகவே இழப்பு முழுமையே என்று 1975-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. நேர்ச்சி நடந்த அன்றே ஈடு கடனாகிவிடுகின்றது என்றும் உரைத்தது. கல்லுடைப்பவன் கைக்கும் அந் நயன் பொருந்தாதா?

“என்னைக் கேளாதே, மேத்திரியைக் கேள்” என்பது அடுத்த தந்திரம். தன் தொழிலுக்குரிய வேலையை ஒப்பந்தக்காரர்வழிச் செய்விப்பவனும் ஈடு செய்யக் கடமைப்பட்டவனே.

இவற்றினும் கொடியது மருத்துவமனை வாயிலில் நடப்பது. வீட்டில் விழுந்ததாகச் சொல் என்று மேத்திரி காதோடு ஓதுகின்றான். அங்குப் பதிவாகும் அவ்வொரு வரியே பின்னர் வழக்கின் கழுத்தை நெரிக்கும். நடந்ததை நடந்தவாறே சொல்லிப் பதியச் செய்க. காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்க. பின்னர்ச் சில ஆயிரத்தைக் கையில் திணித்து, படிக்கத் தெரியாத ஆங்கிலத் தாளில் கைந்நாட்டு வாங்குவர். ஈட்டுரிமையைத் துறக்கும் அத்தகைய ஒப்பந்தம் சட்டத்தின்முன் செல்லாது.

முறையீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அலுவலரிடம் 2 ஆண்டுகளுக்குள் கொடுத்தல் வேண்டும். நேர்ச்சி நடந்த இடத்தில்தான் என்பதில்லை; வெளியூரில் அடிபட்டுத் திரும்பியவன் தான் குடியிருக்கும் பகுதிக்குரிய அலுவலரிடமும் கொடுக்கலாம்.