நிலத்துக்கு இல்லை, பெடலுக்கு

சைக்கிள் வாங்கப் போன எங்கள் எல்லாருக்கும் கிடைத்த முதல் ஆலோசனை ஒன்றுதான்: "ஏறி இருந்து பார், ரெண்டு காலும் நிலத்தில முட்டுதோ?" முட்டவில்லை என்றால் கடைக்கார அண்ணை சாவியை எடுத்து சீற்றை இறக்குவார். முட்டினால் காசைக் கட்டிவிட்டு வரலாம். சாதாரண சைக்கிளுக்கே இது பிழை. ரேசிங் சைக்கிளுக்கு மகா பிழை. சொல்லுறவை எல்லாரும் எங்களில அக்கறையுள்ள ஆக்கள் எண்டதுதான் சிக்கல்.

கணக்கைப் பாருங்கள். ரேசிங் சைக்கிள் ஒன்றில் பெடல் சுற்றுகிற அச்சு நிலத்திலிருந்து 27 செ.மீ. அளவில் இருக்கும். கிராங்கின் நீளம் பெரும்பாலும் 17 செ.மீ. ஆக, பெடல் ஆகக் கீழே வரும்போதும் நிலத்துக்கு 10 செ.மீ. மேலேதான் நிற்கும். அந்தப் பெடலுக்குக் கால் ஓரளவு நீள வேணும் எண்டால், பாதம் நிலத்தில் எப்படிப் படியும்? கவட்டிலிருந்து குதிக்கால் வரை 80 செ.மீ. உள்ள ஒருவருக்குப் பொருத்தமான சீற்றின் மேற்பக்கம், நிலத்திலிருந்து கிட்டத்தட்ட 94 செ.மீ. உயரத்தில் வரும். ரெண்டு பாதமும் படிய வேணும் எண்டு அடம்பிடித்தால் 14 செ.மீ. இறக்க வேணும். பிறகு அது சைக்கிள் இல்லை, சில்லுப் பூட்டின முக்காலி.

அப்படி இறக்கின சீற்றில் இருந்து மிதித்தால், பெடல் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் முழங்கால் அளவுக்கு மிஞ்சி மடியும். முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். முன்பக்கம் நோகும். யாழ்ப்பாணத்தில் மலை இல்லைத்தான், ஆனால் எதிர்க்காத்து இருக்கு. பண்ணைப் பாலத்தால் ஒருக்கா போய்ப் பாருங்கோ.

எங்கள் குழுவில் ஒரு தோழிக்கு நடந்தது இது. மூன்று மாதமாக முழங்கால் நோ. வீட்டில் சொன்ன காரணம், "பொம்பிளைப் பிள்ளையளின்ர உடம்புக்கு இந்தச் சைக்கிள் ஒத்துவராது." சைக்கிளை விற்கிற அளவுக்கு வந்துவிட்டது. சீற்றை ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு கிழமைக்கு அரை செ.மீ. வீதம் உயர்த்தினோம். நோ குறைந்தது, விற்பனை நின்றது. (எல்லா முழங்கால் நோவுக்கும் சீற்றுத்தான் காரணம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. நோ நிற்காட்டி வைத்தியரிட்டப் போங்கோ.) எங்களுக்குக் கோபம் வருவது இதில்தான்: பொடியன் விழுந்தால் "பழகுவான்", பெட்டை விழுந்தால் "சீற்றை இறக்கு".

இத்தனைக்கும் இதைச் சொல்லுற தலைமுறை பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழால கால் விட்டு ஓடிப் பழகின தலைமுறை. ஓடி ஏறி, ஓடி இறங்கினவை. அவைக்கு நிலம் எப்ப முட்டினது? நிற்பதற்கு சீற்றில் இருந்தபடியே கால் ஊன்றத் தேவையில்லை. பிரேக் பிடித்து, சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கி, ஒரு காலைப் பெடலில் வைத்தபடி மற்றதை ஊன்றினால் போதும். பழக்க வேண்டியது அதைத்தான்.

மற்றப் பக்கமும் ஒரு கூட்டம் இருக்கு. வீடியோ பார்த்து, பந்தயக்காரர் மாதிரித் தெரிய வேணும் எண்டு சீற்றை வானத்துக்கு ஏத்திற ஆக்கள். பின்னால் போய்ப் பார்த்தால் இடுப்பு இடமும் வலமும் ஆடும். முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். கேட்டால் கவட்டு உயரத்தை 0.883 ஆல் பெருக்கினதாகச் சொல்வார்கள். 1986, 1989, 1990 ஆம் ஆண்டுகளில் 'டூர் த பிரான்ஸ்' வென்ற கிரெக் லெமொண்டின் பெயரோடு பரவிய எண் அது. நாங்கள் மேலே சொன்ன 94 உம் அதிலிருந்துதான் வந்தது. தொடங்க நல்ல எண், ஆனால் வேதவாக்கு இல்லை. அதற்கு உங்கட சப்பாத்தின் அடித்தடிப்பும் தெரியாது, கிராங்கின் நீளமும் தெரியாது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஓடும்போது போடுகிற அதே சப்பாத்தோடு, மதிலைப் பிடித்துக்கொண்டு சீற்றில் இருங்கோ. குதிக்காலைப் பெடலில் வைத்து ஆகக் கீழே கொண்டுபோங்கோ. இடுப்பு சரியாமல் கால் நேராக நிற்க வேணும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் தானாகக் கொஞ்சம் மடியும். 25 முதல் 35 பாகை வரை மடிந்தால் சரி. உயர்த்தும்போது சீற் கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் நீளமான கம்பி வாங்குங்கோ, இல்லையெண்டால் சட்டமே வெடிக்கும்.

கடைக்கார அண்ணைமாரே, உங்களிட்ட சாவி இருக்கு, மதிலும் இருக்கு. அடுத்த பிள்ளை சைக்கிள் வாங்க வரேக்க "நிலம் முட்டுதோ" எண்டு கேளாதேங்கோ. குதிக்காலைப் பெடலில வைக்கச் சொல்லுங்கோ.