பேட்டரி போச்சா, படம் போச்சா?

லேப்டாப் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் பேட்டரி படம் மறைந்தால் போதும், "பேட்டரி போயிடுச்சு சார், புதுசு போடணும்" என்று நம் வயதுக்காரர்களிடம் சொல்லும் கடைக்காரர்கள் பெருகிவிட்டார்கள். இது அநியாயம். பதிவேட்டில் எண் இல்லை என்பதற்காகக் கோப்பே தொலைந்தது என்று எந்த குமாஸ்தாவாவது குறிப்பு எழுதுவானா?

செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேவ் செய்துவிட்டு, சார்ஜர் ஒயரைப் பிடுங்குங்கள். அணையாமல் ஓடினால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. விண்டோஸ் 10 என்றால், டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து, டாஸ்க்பார் செட்டிங்ஸில் சிஸ்டம் ஐகான் பட்டியலுக்குப் போய், 'பவர்' ஆனில் இருக்கிறதா பாருங்கள். அது மங்கிக் கிடந்தால், டிவைஸ் மேனேஜரில் 'பேட்டரீஸ்' கீழே ஏசிபிஐ என்ற எழுத்துகள் உள்ள பேட்டரியை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். பயம் வேண்டாம், விண்டோஸே திரும்பப் போட்டுக்கொள்ளும். பெரும்பாலும் படமும் வந்துவிடும். இதற்கா ஆயிரக்கணக்கில் பணம்?

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சரியான விடைக்கும் "பூர்க்குவா?" என்பார். ஏன் என்று அர்த்தம். கடையில் நாமும் கேட்கலாமே. பதில் அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் பவர் என்பதோடு சி, எஃப், ஜி சேர்த்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்தால் அறிக்கை வரும். அதில் டிசைன் கெபாசிட்டி 40,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 34,000 என்றிருந்தால் இன்னும் 85 சதவீதம் மிச்சம். கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். 15,000 என்று வந்தால் அவர் சொன்னது சரிதான், புதுசு வாங்கிப் போடுங்கள்.