புற்றுசெல்லின் சக்கரத்தில் ஒரு முட்டுக்கட்டை!

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை விழுந்தால் தேர் நின்றுவிடும். புற்றுநோய்க்குத் தரப்படும் 'ஆன்டிமெட்டபோலைட்' மருந்துகள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். மருந்துச் சீட்டில் மெத்தோட்ரெக்சேட், 5-ஃப்ளூரோயுராசில், கேப்சிடபின் என்று எழுதியிருந்தால், அவை இந்த வகை.

எப்படி வேலை செய்கின்றன?

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால், தன் டி.என்.ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். டி.என்.ஏ நான்கே எழுத்துகளால் ஆனது. அவற்றில் ஒன்று தைமின். அதைத் தயாரிக்க ஒரு நொதியும், ஃபோலேட் என்ற வைட்டமினும் தேவை. மெத்தோட்ரெக்சேட், அந்த வைட்டமினைச் செல் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. 5-ஃப்ளூரோயுராசில் அந்த நொதியையே முடக்குகிறது.

தைமின் தீர்ந்துபோனதும், அதன் இடத்தில் யுராசில் என்ற தவறான எழுத்து நுழைகிறது. செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் அதை வெட்டி எடுக்கின்றன. ஆனால், காலி இடத்தை நிரப்பத் தைமின் இல்லை. மறுபடியும் யுராசில், மறுபடியும் வெட்டு. இப்படியே டி.என்.ஏ இழை பல இடங்களில் அறுந்து, செல் இறந்துபோகிறது.

சென்னையில் படித்த முன்னோடி

இந்த வகை மருந்துகளின் தொடக்கத்தில் ஓர் இந்தியர் இருக்கிறார். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவர் குழு உருவாக்கிய அமினோப்டெரினை, ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு டாக்டர் சிட்னி ஃபார்பர் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-ல் அந்த முடிவு வெளியானது. அதே ஆண்டு, 53 வயதில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் தம்பிதான் இன்றைய மெத்தோட்ரெக்சேட்.

முடி கொட்டுவது ஏன்?

இந்த மருந்துகளுக்கு நல்ல செல், கெட்ட செல் தெரியாது. வேகமாகப் பிரியும் எல்லாவற்றையும் தாக்கும். வாய், குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர் ஆகியவற்றின் செல்களும் வேகமாகப் பிரிபவையே. அதனால்தான் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, சிலருக்கு முடி உதிர்வு. வெள்ளை அணுக்கள் குறையும்போது சாதாரணத் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க:

* கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அது தொலைவில் இருந்தால், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கீமோ எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* முடக்குவாதத்துக்கும் மெத்தோட்ரெக்சேட் தருவார்கள். அது வாரம் ஒருமுறை மட்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதிவையுங்கள்.

* 'சத்து மாத்திரைதானே' என்று ஃபோலிக் அமிலத்தை நீங்களாக வாங்கித் தராதீர்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு மருத்துவரே அதை எழுதித் தருவார். கேப்சிடபின் எடுப்பவருக்கோ அதே மாத்திரை பக்கவிளைவுகளைக் கடுமையாக்கிவிடும்.